பெங்களூரில் மரமும் படமும்

வார இறுதிக்குப் பெங்களூரு போகலாம் என்றதும், "அங்க டிராஃபிக்கைத் தவிர என்னடா இருக்கு?" என்றாள் அக்கா. சென்னையிலிருந்து இரவு ரயில் பிடித்து, விடிந்ததும் லால்பாக் வாசலில் இறங்கினோம்.

ஹைதர் அலி 1760இல் தொடங்கிய தோட்டம். இன்று 240 ஏக்கர். எல்லோரும் முதலில் ஓடுவது கண்ணாடி மாளிகைக்கு. 1889இல் அடிக்கல் நாட்டிய அந்த இரும்புக் கூடம் அழகுதான். ஆனால் என்னை நிறுத்தியது பிப்ரவரிக் கடைசியில் இலையே தெரியாமல் மஞ்சளாகப் பூத்து நின்ற தபேபுயா. தென்னமெரிக்க மரம் அது. ஒன்று பூத்து ஓயும்போது இன்னொன்று தொடங்கும்படி இந்நகரத்தின் மரங்களைத் தேர்ந்து நட்ட பெருமை, இங்கே பணியாற்றிய ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர் குரும்பிகலைச் சேரும். வருடம் முழுக்க வரைந்துகொண்டே இருக்கும் ஓவியம் என்று அதைச் சொல்வேன். கெம்பே கவுடா கோபுரம் நிற்கும் பாறையிலும் ஏறினோம். அதன் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். அதன் மேல் நின்று பலர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள், நாங்களும் எடுத்தோம்.

வெயில் ஏறியதும் அரண்மனை சாலையில் உள்ள தேசிய நவீன கலைக் கூடம். சுரங்கத் தொழிலில் பொருள் சேர்த்த மாணிக்கவேலு முதலியாரின் பழைய மாளிகை. 2009இல் கலைக் கூடமானது. பின்னால் எழுப்பிய புதுக் கட்டடத்துக்காக அங்கிருந்த மரங்களை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். அதனால் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும்போது கண்ணுக்குப் பச்சை கிடைக்கிறது. அது இல்லாத மியூசியங்களில் அரை மணியில் கால் வலித்துவிடும்.

மறுநாள் சித்ரகலா பரிஷத். ரோரிக் அரங்கில் நிக்கோலஸ், ஸ்வெட்டாஸ்லாவ் என்ற தந்தையும் மகனும் தீட்டிய படங்கள். தந்தையின் இமயமலைகள் எனக்குக் கொஞ்சம் குளிர்ச்சிதான். மகனின் அழுத்தமான வண்ணங்களே பிடித்தன. மகன் மணந்தது நடிகை தேவிகா ராணியை என்றதும் அக்காவுக்குத் திடீர் உற்சாகம். இருவரும் நகருக்கு வெளியே தாதகுனியில் ஒரு பண்ணையில் வாழ்ந்தவர்கள்.

கப்பன் பூங்காவை ஆட்டோவிலிருந்தே பார்த்ததோடு சரி.

போகிறவர்களுக்கு ஒன்று: சுதந்திர தின, குடியரசு தின மலர்க் கண்காட்சி நாட்களில் லால்பாக்கில் பூவைவிடத் தலைகளே அதிகம். சாதாரண நாளில் போங்கள். திங்கட்கிழமையும் வேண்டாம், நவீன கலைக் கூடத்துக்கு அன்று விடுமுறை.