பின்வரிசையில் நின்ற அண்ணா

இசைக்குழுவில் பாடுகிறவரை ஊருக்குத் தெரியும். அறிவிப்பாளர் அவருடைய பெயரை மூன்று தரம் சொல்லுவார். கீபோட் வாசிக்கிறவரையும் கொஞ்சப் பேருக்குத் தெரிந்திருக்கும். பின்வரிசையில் நின்று ஒக்டபாட் அடிக்கிறவரை வீட்டுக்காரரைத் தவிர ஆரும் தேடிப் பார்ப்பதில்லை. நாங்கள் மூன்று பேரும் அப்படித் தேடிப் பார்த்தே வளர்ந்தவர்கள். அண்ணா பதினொரு வருடம் அந்த வரிசையில் நின்றவர். 2023 தை மாதம் டெங்குக் காய்ச்சல் வந்து ஆறாம் நாள் போய்விட்டார். வயது 28.

ஒக்டபாட் ஒரு சின்னச் சூட்கேஸ் அளவுதான். மேலே எட்டு றப்பர்த் தட்டுகள். தடியால் தட்டினால் ஒன்றில் தபேலா கேட்கும், இன்னொன்றில் டோல்கி, மற்றதில் கொங்கோ. முந்தி நாலைந்து பேர் இருந்து வாசித்ததை இப்போது ஒரு ஆள் நின்று வாசிக்கிறார். அதற்காகச் சுகமான வேலை என்று நினைக்கக்கூடாது. ஒவ்வொரு பாட்டுக்கும் தட்டுகளின் சத்தத்தை மாற்ற வேண்டும். ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் அடுத்ததற்கு ஆயத்தமாக நிற்க வேண்டும். அண்ணா இதற்கென்றே ஒரு சி.ஆர். கொப்பி வைத்திருந்தார். பாட்டுக்கு ஒரு இலக்கம், எந்தச் சத்தம், எந்த இடத்தில் நிறுத்துவது என்று எல்லாம் அதில் இருக்கும்.

அண்ணா பிறந்தது 1994 மார்கழியில். அந்தக் காலம் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடுமாம். "அந்தச் சத்தத்திலதான் இவன் பாலும் குடிச்சவன்" என்று அம்மா சொல்லுவா.

ஓ.எல். முடித்தவுடன் பகலில் வயரிங் வேலை, இரவில் நிகழ்ச்சி. வடமராட்சிக் கோயில்களின் பூங்காவனம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். வருடத்தில் பெரிய நாள், வல்வெட்டித்துறை அம்மன் கோயில் தீர்த்தத்தோடு வருகிற இந்திர விழா. சித்திரா பௌர்ணமி இரவில் றோட்டு முழுக்க லைட்டும் மேடையுமாக இருக்கும். விடியப்புறம் வந்து, மிஞ்சின புட்டைச் சம்பலோடு சாப்பிட்டுவிட்டு, ஏழு மணிக்கு வயரிங் வேலைக்குப் போவார். "ஒருநாளாவது படுத்தெழும்பிப் போவன்" என்று அம்மா பேசினால், "சீசன் முடியட்டும் அம்மா" என்பார்.

பிறகு கொரோனா வந்து இரண்டு வருடம் சீசனே இல்லாமல் போனது. 2022 இல் பெற்றோல் இல்லை. பழைய துவாயால் பாட்டைச் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போவார். கரோக்கே ட்ராக் போட்டால் இரண்டு பாடகர்களே போதும் என்று சில இடங்களில் குழுவைக் கூப்பிடாமலும் விட்டார்கள். அதைப் பற்றி வீட்டில் அவர் அதிகம் கதைக்கவில்லை. புதுப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டுக் கொப்பியில் ஏற்றிக்கொண்டே இருந்தார்.

அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டி வந்தது. கம்பஸில் தமிழ் படிப்பதால் எழுதுகிற வேலை எங்களிடம் வந்தது. தேவாரம், வம்சாவழி எல்லாம் சரி. அண்ணாவை என்னவென்று எழுதுவது என்ற இடத்தில்தான் சண்டை வந்தது.

"வயரிங் வேலை எண்டு போடு. கோஷ்டியில அடிச்சவன் எண்டு போட்டா சனம் என்ன நினைக்கும்?" என்றார் அப்பா. கோஷ்டிக்காரர் என்றால் குடியும் கூத்தும் என்று எங்கள் ஊரில் ஒரு கதை இருக்கிறது. அப்பா அந்தக் கதைக்குப் பயந்தார். நாங்கள் விடவில்லை. இரண்டு நாள் ஒருவரோடு ஒருவர் முகம்கொடுத்துக் கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் குழுவில் இருந்த அண்ணாமார் வந்தார்கள். செத்தவீட்டன்று பந்தலும் போட்டு, வந்த சனத்துக்குத் தேத்தண்ணியும் கொடுத்தவர்கள் அவர்கள்தான். பயிற்சி அறையில் கிடந்த கொப்பியை அப்பாவின் கையில் கொடுத்தார்கள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தில் இருந்து பார்த்தார். கடைசிப் பாட்டின் இலக்கம் 614. ஒரு பக்கத்தில், "இந்த இடத்தில் அவசரப்படாதே" என்று அண்ணா தனக்குத்தானே எழுதிச் சிவப்புக் கோடு போட்டிருந்தார். அப்பா கனநேரம் அந்தப் பக்கத்திலேயே நின்றார். பிறகு, "ரெண்டையும் போடுங்கோ" என்றார்.

கல்வெட்டில் "மின் இணைப்பாளர், தாளவாத்தியக் கலைஞர்" என்று அச்சானது. பெயருக்குப் பக்கத்தில் அப்படி எழுதியதை அண்ணா ஒருநாளும் பார்த்ததில்லை.

ஆண்டுத்திவசம் முடிய, குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி ஒக்டபாட்டைக் கேட்டு வந்தான். விற்றால் நல்ல காசு வரும், எங்களுக்கும் தேவை இருந்தது. அம்மா கொடுத்துவிட்டா. "மழைக்கு நனைய விடாதை, துவாயால சுத்து" என்று மட்டும் சொன்னா. கொப்பியையும் சேர்த்துக் கொடுத்தோம்.

2024 இந்திர விழாவுக்கு நாங்கள் மூன்று பேரும் போய்ப் பின்வரிசைக்கு நேரே நின்றோம். இடைவேளையில் அந்தத் தம்பி இறங்கி வந்து கொப்பியைத் திறந்து காட்டினான். 614 க்குக் கீழே வேறொரு கையெழுத்தில் 615, 616 என்று தொடங்கியிருந்தது.