மலைக்கு ஒரு நண்டு

நண்டைப் பற்றி எழுதத் தமிழாசிரியனுக்கு என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். அலவன், களவன், ஞெண்டு என அதற்குப் பெயர்களை அடுக்கிய மொழி நம்முடையது. ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் 'களவன் பத்து' என்று ஒரு பத்தே அதற்கு உண்டு. ஆயினும் அது வயலோரத்து நண்டு. நான் சொல்ல வந்ததோ மலையூற்று நண்டு, குறிஞ்சிக்குரியது எனலாம்.

சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்று 163 மீட்டர் உயரமே உடையது. அங்குக் காட்டினுள் ஊறி ஓடும் சிற்றோடையொன்றில், கல்லுக்கடியிலும் சருகுகளுக்கிடையிலும் ஒளிந்து வாழ்ந்த நண்டு ஒன்றை உயிரியலாளர் பீட்டர் இங் 1986-இல் புதிய இனமென விவரித்தார். ஓட்டின் அகலம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். பெயர் ஜொகோரா சிங்கப்பூரென்சிஸ். பேரினப் பெயர் எங்கள் ஜொகூர் மாநிலத்தின் பெயரினின்று பிறந்தது என்பதில் எனக்கு ஒரு சிறு பெருமிதம் உண்டு.

இந்நண்டின் உறவினங்கள் குனோங் பூலாயிலும் தியோமான் தீவிலும் குனோங் தகானிலும் வாழ்கின்றன. ஒவ்வோரிடத்திலும் இனம் வேறு. வடக்கே பினாங்குக் கொடிமலைக்குப் போனால் பேரினமே மாறிவிடும்.

சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு மாணவர்களை மலையடி ஓடையொன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். கல்லொன்றைப் புரட்டியபோது தாய் நண்டு ஒன்று தென்பட்டது. அதன் வயிற்று மடலுக்கடியில் குஞ்சுகள் நெருக்கிக்கொண்டிருந்தன. குஞ்சு பொரித்தால் நண்டு அழியும் என்னும் பழைய நீதிப்பாட்டை மனப்பாடம் செய்திருந்த மாணவன் ஒருவன், "ஐயா, இது உயிரோடு இருக்கிறதே!" என்று வியந்தான். பாட்டைப் பாட்டாகவும் நண்டை நண்டாகவும் பார்க்கச் சொன்னேன். கல்லை முன்பிருந்தபடியே வைத்தோம்.

அப்போது மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஐயா, நாங்கள் அடுத்த மாதம் தோட்டத்தைவிட்டுப் பாசிர் கூடாங்குக்குப் போகிறோம். இந்த ஓடை வற்றினால் இதுவும் வேறு மலைக்குப் போகலாம் அல்லவா?"

அவளுக்கு விடை சொல்லச் சற்று நேரம் பிடித்தது. கடல் நண்டு இலட்சக்கணக்கில் முட்டையிடும்; அதன் இளவுயிர்கள் நீரோட்டத்தில் மிதந்து நெடுந்தொலைவு பரவும். மலை நண்டுக்கு அந்த மிதவைப் பருவமே இல்லை. பெரிய முட்டைகள் சிலவற்றையே இடும். அவற்றினின்று முழு உருவம் பெற்ற குஞ்சுகளே வெளிவரும். கடல் அதற்குச் சுவர். குளிர்ந்த தெளிநீர் வேண்டுமாதலால் வெப்பமிகு சமவெளியும் சுவரே. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழிக் காலத்தில், கடல்மட்டம் இன்றையதினும் 120 மீட்டரளவு தாழ்ந்திருந்தது. சிங்கப்பூரும் தியோமானும் தீபகற்பத்தோடு ஒரே நிலமாயிருந்தன. பிறகு கடல் ஏறியது. மலைதோறும் தனித்துநின்ற குடிகளோ அதற்கு நெடுங்காலம் முன்பே தனித்தனி இனங்களாகியிருந்தன.

இத்தனையும் சொல்லி, "போக முடியாது, அம்மா" என்றேன். அவள் மேலே எதுவும் கேட்கவில்லை.

சிங்கப்பூர் நண்டின் முதல் ஓடையில் பின்னாளில் நீர் அமிலத்தன்மை கொண்டது; நண்டுகள் அருகிப்போயின. மனிதர் எவரும் அதைப் பிடித்துத் தின்னவில்லை. நீர் மாறியதே போதுமாயிற்று. 2008-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை மிக அருகிய இனமெனப் பட்டியலிட்டது. 2012-இல் வெளியான, உலகில் பேரிடருக்குள்ளான 100 உயிரினங்களின் பட்டியலிலும் அது இடம்பெற்றது. எனினும் புக்கிட் பாத்தோக், புக்கிட் கொம்பாக் பகுதிகளிலும் அவ்வினம் உள்ளது தெரியவந்தது. 2014-ஆம் ஆண்டு முதல் ஆய்வாளரும் பூங்காத் துறையினரும் விலங்கியல் தோட்டத்தாரும் கூடி, அதனை வளர்ப்பிடத்தில் பெருக்கவும் தகுந்த ஓடைகளில் குடியேற்றவும் முயன்று வருகின்றனர். தானாகப் போக இயலாததைக் கையில் ஏந்திக் கொண்டுபோய் விடுகின்றனர். இச்செய்தியை நான் அறியுமுன் அம்மாணவியின் குடும்பம் புறப்பட்டுவிட்டது. அவளுடைய புதிய பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்.