உள்ளீடு

கண்ணாடியிழைப் படகு அழுகாது என்பது ஒரு காலத்தில் உலகெங்கும் நிலவிய நம்பிக்கை. மரப்படகு வைத்திருந்தோர் பட்ட பாடு சிறிதன்று. கப்பற்புழு துளைக்கும், வெயிலில் பலகை பிளக்கும், ஆண்டுதோறும் கரையேற்றிச் சந்துகளை அடைத்தாக வேண்டும். 1942ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த ரே கிரீன் என்பார் கண்ணாடியிழையையும் பிசினையும் சேர்த்துச் சிறு படகொன்றை வார்த்தெடுத்தார். 1959இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் பியர்சன் நிறுவனத்தார் 28 அடி நீளமுள்ள ‘டிரைட்டன்’ என்னும் பாய்மரப் படகைக் காட்சிக்கு வைத்தனர். அதன்பின் இத்தகைய படகுகள் உலகக் கடற்கரைகள் எங்கும் பரவின. இனி அழுகலுக்கு இடமில்லை என்று வாங்கியோர் மகிழ்ந்தனர்.

அந்த மகிழ்ச்சியில் ஒரு மறதியும் இருந்தது. படகின் மேல்தளமும், அதிலுள்ள திறப்புகளை மூடும் ‘ஹேட்ச்’ என்னும் மூடியும் முழுவதும் கண்ணாடியிழையால் ஆனவை அல்ல. மேலே மெல்லிய ஓர் ஏடு. கீழே மெல்லிய ஓர் ஏடு. இரண்டிற்கும் நடுவே உள்ளீடாக மரம். சில படகுகளில் அது பால்சா மரம், சிலவற்றில் ஒட்டுப்பலகை. ஏன் இந்த அமைப்பு? ஒரு பொருளின் கனம் இருமடங்கானால் அதன் விறைப்பு எண்மடங்காகும். கண்ணாடியிழையையே அவ்வளவு கனமாக வார்த்தால் எடை கூடும், செலவும் கூடும். எடை குறைந்த மரத்தை நடுவில் வைத்தால் எடையும் குறைவு, விறைப்பும் மிகுதி. ஆயினும் இதற்கு ஒரு கட்டாயம் உண்டு. மூன்றும் ஒன்றோடொன்று பிரியாமல் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு புத்தகத்தை இரு கைகளாலும் பிடித்து வளைத்தால் அது எளிதில் வளைகிறது. ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதே காரணம். அவ்வேடுகளைப் பசையிட்டு ஒட்டிவிட்டால் அதே புத்தகம் பலகையாகிவிடும். படகு மூடியின் வலிமையும் அத்தகையதே. உள்ளீடு அழிந்தால் மேலேடு வேறு, கீழேடு வேறு. பார்வைக்கு மட்டும் அது மூடியாக இருக்கும்.

கிள்ளான் ஆற்றின் கழிமுகத்தில், கண்டல் மரங்களை ஒட்டிய ஒரு படகுத்துறையில், 1970களில் வார்க்கப்பட்ட கண்ணாடியிழைப் படகொன்று நெடுங்காலம் கட்டப்பட்டிருந்தது. அதன் உரிமையாளர் துறைமுகப் பட்டறையில் தச்சராக உழைத்து ஓய்வு பெற்றவர். போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயர் 1972இல் போர்ட் கிள்ளான் என மாறியபோது அவர் இளைஞர். முதுமையில் முழங்கால் வலி அவரைக் கடலிலிருந்து பிரித்தது. படகை விற்றுவிடுவது என முடிவாயிற்று. அவருடைய அக்காள் மகன் விலைக்கு ஆள் தேடினான். குழந்தைகளை ஞாயிறுதோறும் மீன்பிடிக்க அழைத்துச் செல்ல விரும்பும் ஒருவர் இரண்டு வாரங்களில் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்.

படகைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்த மருமகன், முன்தளத்து மூடியின்மேல் கால்வைத்தபோது அது சற்றே அமிழ்ந்ததை உணர்ந்தான். திருப்புளியின் கைப்பிடியால் தட்டிப் பார்த்தான். ஓரத்தில் ‘டக் டக்’ என்று ஓசை கணீரென எழுந்தது. நடுப்பகுதியில் ஈரத்துணியைத் தட்டியதுபோல் ஒலி மங்கிப் படுத்தது.

“மாமா, இரண்டு பூச்சுச் சாயம் அடித்தால் புதியதுபோல் ஆகிவிடும். வாங்குபவர் இதையெல்லாமா தட்டிப் பார்க்கப் போகிறார்?” என்றான் அவன்.

“நீ தட்டிப் பார்த்துவிட்டாயே, தம்பி. இனிமேல் தெரியாது என்று எப்படிச் சொல்வது?” என்றார் அவர்.

“அவர் கேட்டால்தானே, மாமா?”

“அவர் கேட்கமாட்டார். அவர் பிள்ளை ஒருநாள் அதன்மேல் ஓடும். அன்றைக்குக் கேட்டு என்ன பயன்?”

மருமகன் வாய்திறக்கவில்லை. ஆயினும் அவன் மனம் ஒப்பவில்லை என்பதை அவன் முகமே காட்டிற்று. ஒரே நாளில் முடியும் வேலையை ஒன்பது நாள் வேலையாக்குகிறாரே என்பது அவன் குறை.

மறுநாள் காலையில் மூடியைக் கழற்றினார்கள். மேற்பக்கம் சற்றே குவிந்த வடிவம் உடையதாதலால், அந்த வளைவுக்கேற்பச் செதுக்கிய கட்டைகளின்மேல் அதைக் கவிழ்த்து வைத்தார் பெரியவர். வளைவு மாறினால் மூடி மீண்டும் தன் இடத்தில் பொருந்தாது. கால் வழுக்காமலிருக்க வார்க்கப்பட்ட மேலேட்டுக்குச் சேதம் வரலாகாது என்பதால் கீழேட்டையே அறுத்தார். நாற்புறமும் ஒன்றரை அங்குல விளிம்பை விட்டு, மேலேட்டைத் தொடாத ஆழத்தில் அறுத்து, உளியால் நெம்பியபோது கீழேடு எவ்வித எதிர்ப்புமின்றிக் கையோடு வந்துவிட்டது. உள்ளே இருந்தது பலகையன்று. கறுத்து ஊறிய தேயிலைச் சக்கை போன்ற ஒன்று. மருமகன் கைநிறைய அள்ளிப் பிழிந்தான், நீர் சொட்டிற்று.

“கடல்தண்ணீர் எப்படி இவ்வளவு மேலே வந்தது, மாமா?”

“கடல்தண்ணீர் இல்லை, தம்பி, மழைத்தண்ணீர். உப்பு அழுகலைத் தடுக்கும். நல்ல தண்ணீர்தான் அதை வளர்க்கும்.”

உண்மை அதுதான். மரத்தை அழிப்பது நீரன்று. நீரை நம்பி வாழும் பூசணம். மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபது பங்குக்குக் கீழே இருக்கும்வரை அது வளர்வதில்லை. ஈரமும் காற்றும் வெப்பமும் ஒருங்கே கிடைத்தால் அதற்குத் தடையில்லை. இம்மண்ணில் அம்மூன்றுக்கும் என்ன பஞ்சம்? நீர் புகுந்த வழியையும் பெரியவர் காட்டினார். கைப்பிடிக்காக மரத்தின் ஊடே துளையிட்டுத் திருகாணி முடுக்கியிருந்தார்கள். அதைச் சுற்றியிருந்த அடைப்புப் பசை ஆண்டுகள் செல்லச் செல்லக் காய்ந்து விரிசல் கண்டது. மயிரிழை போன்ற அவ்வழியே துளித்துளியாக இறங்கிய நீர், மூடி முழுவதையும் உண்டுவிட்டது.

ஒரு மூலையில் மட்டும் மரம் நிறம் மாறாமல் இருந்தது. அதையாவது விட்டுவைக்கலாமே என்றான் மருமகன். உளிமுனையால் குத்திக் காட்டினார் அவர். முனை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கிற்று. அதுவும் சுரண்டப்பட்டது. விளிம்பின் அடியில் ஒளிந்திருந்த மரத்தையும் வளைந்த உளியால் தோண்டியெடுத்தார்கள். மூடி நான்கு நாள் வெயிலில் காய்ந்தது. பின்னர் முகமூடி அணிந்து, உட்புறத்தைச் சொரசொரப்பாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்தார்கள்.

புதிய உள்ளீட்டுக்குக் கனம் 12 மில்லிமீட்டர் தேவை. அந்தக் கனத்தில் ஒரே பலகையை வைத்தால் அது வளைவுக்கு இணங்காது. ஆகவே 6 மில்லிமீட்டர் கனமுள்ள கடற்பயன் ஒட்டுப்பலகைகள் இரண்டை எடுத்துக்கொண்டார். தனித்தனியே எளிதில் வளையும் அவை, வளைந்த நிலையில் ஒன்றாக ஒட்டப்பட்டபின் அவ்வளைவை விடுவதில்லை.

பசை கலக்கும் வேளையில் மருமகன் ஓர் ஐயம் எழுப்பினான். விரைவில் இறுக வேண்டுமானால் இறுக்கியைக் கூடுதலாக ஊற்றலாமே? பாலியெஸ்டர் பிசினில் அதைக் கூட்டியும் குறைத்தும் வேகத்தை ஓரளவு மாற்றலாம், எப்பாக்சி அப்படிப்பட்டதன்று. அதில் பிசினும் இறுக்கியும் குறித்த அளவில் ஒன்றோடொன்று இணைகின்றன. மிகுந்தது எதுவோ அது இணையின்றி நின்று பசையைப் பலவீனமாக்கும். இதை விளக்கிய பெரியவர், வெயில் ஏறுமுன் சிறு கிண்ணங்களில் சிறிது சிறிதாகக் கலந்தார். வெப்ப நாட்டில் பெருங்கிண்ணத்தில் கலந்த எப்பாக்சி தன் சூட்டிலேயே கொதித்துக் கட்டியாகிவிடும்.

முதலில் நீர்த்த பசையைப் பலகையின் முகத்திலும் முனைகளிலும் ஊறும்வரை தடவினார். பிறகு சிலிக்காத் தூள் சேர்த்துத் தடித்த பசையைப் பரப்பி, பலகைகளை அழுத்தி, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, மணல்மூட்டைகளை ஏற்றினார். செங்கல் வைத்தால் சில இடங்களில் மட்டுமே அழுத்தும். மணலோ வளைவோடு ஒத்து எங்கும் சமமாக அழுத்தும். விளிம்பின் அடியில் பலகை எட்டாத சந்தை இரு தவணையாகத் தடித்த பசையால் நிரப்பினார். கீல்களின் திருகாணிகள் அமையும் இடம் அதுவே. மறுநாள் பழைய விளிம்பைச் சரிவாகத் தேய்த்தார். ஏட்டின் கனம் இரண்டரை மில்லிமீட்டர். சரிவின் அகலம் அதைப்போல் பன்னிரண்டு மடங்கு. அச்சரிவின்மேல் படியும்படி மூன்று அடுக்குக் கண்ணாடியிழைத் துணியைப் பசையில் ஊறவிட்டு இட்டார். கைப்பிடி வரும் இடத்தில் தேவையினும் பெரிய துளைகளை இட்டு, அவற்றைப் பசையால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவே சிறு துளையிட்டார். இனி எந்தத் திருகாணியும் மரத்தைத் தொடாது; அடைப்புப் பசை ஒருநாள் தோற்றாலும் நீர் மரத்தைச் சேராது. எப்பாக்சி வெயிலைத் தாங்காது என்பதால் இறுதியில் சாயம் பூசினார்கள். மருமகன் முதல்நாளே பூச விரும்பிய அதே சாயம்தான்.

வாங்குபவர் வந்தார். பெரியவர் ஒரு மைலோ டின்னில் எடுத்துவைத்திருந்த அழுகலைக் காட்டி, நடந்தது அனைத்தையும் சொன்னார். வந்தவர் பாராட்டி விலையைக் கூட்டினாரா? இல்லை. தட்டிப் பார்க்கும் முறையைக் கேட்டறிந்துகொண்டு, படகு முழுவதையும் தட்டத் தொடங்கினார். கயிறு கட்டும் கொம்பின் அருகே பக்கத்தளம் மங்கி ஒலித்தது. “அங்கும் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அதை நான் செய்யவில்லை” என்றார் பெரியவர். விலையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. மருமகன் தலையைக் குனிந்துகொண்டான்.

பணத்தை எண்ணிக் கொடுத்த பிறகு வந்தவர் கேட்டார்: “அந்தப் பக்கத்தளத்தையும் இதேபோல் செய்துதர யாராவது இருக்கிறார்களா, ஐயா?” பெரியவர் தம் முழங்காலைத் தடவிக்கொண்டு மருமகனைப் பார்த்தார். “செய்வேன் மாமா, அளவுக்கிண்ணங்களை மட்டும் கொடுங்கள்” என்றான் அவன்.

ஆசிரியர்க்கு இந்நிகழ்ச்சி புதிதன்று. மனப்பாடம் செய்த விடையை மாணவன் பிழையின்றி ஒப்புவிக்கிறான், மேலேடு பளபளக்கிறது. ‘ஏன்’ என்று ஒருமுறை கேட்டால் அதுவே தட்டிப் பார்த்தல். ஒலி மங்கினால் மாணவனைக் குறைகூறுவதில் பயனில்லை. நீர் எந்தத் துளை வழியே இறங்கிற்று என்று தேட வேண்டும். அதற்குத் தேர்வுக்கு முந்திய வாரம் போதாது. மதிப்பெண்ணும் உடனே உயர்ந்துவிடாது. எனினும் அப்பிள்ளை ஒருநாள் அந்தத் தளத்தின்மேல் தன் முழு எடையையும் ஊன்றி நிற்கப் போகிறவன்.