பரந்தனிலிருந்து விசுவமடுவுக்கு

2011ஆம் ஆண்டு. மீளக்குடியமர்ந்து சில மாதங்கள். தோட்டத்து மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோகவென, காதுத்தோட்டை விற்றுப் பரந்தனில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். அப்போது எனக்கு ஓடத் தெரியாது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிப் புறப்பட்டோம்.

ஏ-35 வீதி குண்டும் குழியுமாகக் கிடந்தது. ஸ்ராண்டில் நிறுத்தி, இருக்கையைச் சுற்றி ஒரே கயிற்றால் கட்டியிருந்தேன். முரசுமோட்டைக்கு வரமுன்பே சரிந்து, பக்கக் கண்ணாடி உடைந்தது. என் நெஞ்சும் உடைந்தது.

சாரதி ஐயா இறங்கி வந்தார். “பிள்ளை, ஸ்ராண்டை நம்பாதை. கயிறுதான் தாங்கவேணும்.”

ஸ்ராண்டை மடக்கி, முன்சில்லைப் பெட்டியின் முன்பலகையோடு முட்டவைத்தார். ஹாண்டிலுக்குக் கீழுள்ள இரும்பின் இரு பக்கமும் கயிறு போட்டு, முன் மூலைகளுக்கு இழுத்தார். நான் அமத்திப் பிடித்தேன். முன் ஸ்பிரிங் பாதியளவு இறங்கியதும், இரு கயிற்றையும் ஒரேயளவாக இறுக்கினார். பின்னாலும் இரண்டு கயிறுகள், பக்கத்துக்கு ஒன்றாக. உரசும் இடங்களில் சாக்குத்துண்டு வைத்தார். முதலாம் கியரில் போட்டு, பெற்றோல் குழாயையும் பூட்டினார்.

“புதுக்கயிறு இளகும். தருமபுரத்திலை இன்னொருக்காப் பாப்பம்.”

பார்த்தோம். ஒன்று தளர்ந்துதான் இருந்தது. இம்முறை நானே இறுக்கினேன். நெத்தலியாற்றுப் பாலத்தில் திரும்பிப் பார்த்தேன். மோட்டார் சைக்கிள் அசையவில்லை.

அதில்தான் ஓடப் பழகினேன். சகோதரிகளே, யார் கட்டினாலும் கயிற்றை உங்கள் கையாலும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். விழுந்தால் நட்டம் நமக்குத்தான்.