கேசரிக்கு ஒரு கிளை

போன அக்டோபரில் அடித்த காற்றில் எங்கள் பின்கட்டு ஓக் மரத்தின் கிளை ஒன்று முறிந்து விழுந்தது. நான் ரம்பத்தைத் தேடிக்கொண்டிருக்க, மகள் அதற்குள் ஒரு கவட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்பா, இது கேசரிக்கு."

கேசரி எங்கள் வீட்டுப் பாம்பு. ஆரஞ்சு உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள் கொண்ட கார்ன் ஸ்நேக். விஷம் கிடையாது, வாரம் ஒரு எலி. அமெரிக்காவின் தென்கிழக்கில் சோளக்கிடங்குகளில் எலி பிடித்துத் திரிந்த இனம். நாங்கள் இருக்கும் ஒஹாயோவில் இதை வளர்க்கத் தடையில்லை. மகளின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தோம். வீடியோ காலில் பார்த்த அம்மா, "பாம்பு" என்ற சொல்லைக்கூட வாயில் எடுக்கவில்லை. "அந்தப் பூச்சியைக் கொண்டுபோய் விட்டுட்டு வாடா" என்றார். கோவில்பட்டிப் பக்கம் விளக்கு வைத்த பிறகு அதற்குப் பூச்சி என்றுதான் பெயர்.

கண்ணாடிப் பெட்டிக்குள் மரம் வைப்பது வெறும் அழகுக்கு இல்லை. சட்டை உரிக்கும்போது பாம்பு முதலில் மூக்கைச் சொரசொரப்பான எதிலாவது தேய்க்கும். தோல் அங்கே கிழிந்தால்தான் காலுறையைக் கழற்றுவதுபோல் முழுதும் உட்புறம் வெளியாகக் கழன்று வரும். ஏற, ஒளிய, சுற்றிக்கொள்ளவும் கிளை வேண்டும்.

மூன்று மாலைகள் உட்கார்ந்து படித்தேன். சீடர் கட்டை கூடவே கூடாது. துணிப்பெட்டியில் பூச்சியை விரட்டும் அதே வாசனை எண்ணெய், மூடிய பெட்டிக்குள் பாம்பின் மூச்சைக் கெடுக்கும். பிசின் கசியும் பச்சைப் பைனும் வேண்டாம். கார்ன் ஸ்நேக்குக்கு வேலை செய்வது ஒரே நுரையீரல்தான், வலது பக்கத்தது. சளி கட்டினால் நம்மைப்போல் இருமித் துப்ப அதனால் முடியாது. அரளி மாதிரி நச்சுச் செடிகளின் கட்டையும் ஆகாது. ஓக், மேப்பிள் போன்றவை பரவாயில்லை, பூச்சிமருந்து படாமல் இருந்தால். வெளியூரிலிருந்து கட்டை கொண்டுவருவது வேறு வம்பு. 2002-இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு, விறகோடு விறகாக ஊர் ஊராகப் போய்க் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைத் தின்று தீர்த்தது. எங்கள் கிளையோ எங்கள் மரத்தினுடையது, மருந்து அடித்ததே இல்லை.

உளுத்த பகுதியை வெட்டி எறிந்தேன். சோப்பு போடாமல் கொதிநீர் ஊற்றித் தேய்த்து, நான்கு நாள் காய வைத்தேன். பிறகு அவனில் 250 ஃபாரன்ஹீட்டில் இரண்டு மணி நேரம், தீப்பிடித்துவிடாமல் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் காவல். "ஊர் உலகத்துல கட்டையைச் சுட்டு வைக்கிற முதல் ஆள் நீங்கதான்" என்றாள் மனைவி. ஆறியதும் முனைகளை உப்புத்தாள் போட்டு மழுக்கி, ஆஸ்பென் சீவல் பரப்பின மேல் நிறுத்தினேன். அன்றிரவே கேசரி கவட்டில் ஏறிச் சுற்றிக்கொண்டது.

அடுத்த சனிக்கிழமை காலை மகள் கத்திய கத்தலில் எழுந்து ஓடினேன். கிளை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதன் அடியில் கேசரியின் உடம்பில் மூன்றில் ஒரு பங்கு. தலை மட்டும் வெளியே, நாக்கு மெதுவாக வந்து வந்து போனது.

கார்ன் ஸ்நேக் சீவலுக்குள் வளை தோண்டும். நான் கட்டையை நிறுத்தியது அந்தச் சீவலின் மேல். அது அடியில் பறிக்கப் பறிக்க, மேலே இருந்தது இறங்கிவிட்டது. விஷம், பிசின், வண்டு எல்லாவற்றுக்கும் சோதனை போட்ட எஞ்சினியர், எடை எதன்மேல் நிற்கிறது என்று பார்க்கவில்லை.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை, பத்து நாள் தொந்தரவு செய்யாதீர்கள் என்றார். காரில் திரும்பும்போது மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் கண்முன் வேறு ஒரு கட்டை ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குப் பதினோரு வயது. கொல்லையில் வேலிக்கருவை விறகடுக்கு. அம்மா விறகு எடுக்கப்போய் அலற, நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் ஓடினோம். அடுக்கைச் சரித்தது நான்தான். பெரிய கட்டை ஒன்று விழுந்து அதன் நடு உடம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டது. தலை மட்டும் வெளியே, நாக்கு இதே மாதிரி வந்து வந்து போனது. மிச்சத்தை அண்ணன் கம்பால் முடித்தார். "சாரைதான்டா. எலிக்கு வந்திருக்கும். விட்டிருக்கலாம்" என்றார் அப்பா, மாலையில் வந்து பார்த்து. நான் அன்று தெருவில் வீரன். அந்த வார்த்தையைக் காதில் வாங்கவில்லை. கார்ன் ஸ்நேக்குக்குச் சிவப்புச் சாரை என்ற பொருளில் இங்கே இன்னொரு பெயர் உண்டு என்று படித்தபோதுகூட எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் அதைச் சொன்னேன். சொல்லாமல் அந்தக் கிளையைத் தொட முடியும் என்று தோன்றவில்லை. "சாரிப்பா சொன்னியா அதுகிட்ட?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

சீவலை முழுக்க அள்ளி எடுத்தோம். கனமான கல்பலகையில் துளையிட்டு, அடியிலிருந்து திருகாணி போட்டுக் கிளையை அதில் முறுக்கினேன். பலகையைப் பெட்டியின் தரையிலேயே வைத்து, சுற்றிச் சீவலை நிரப்பினோம். மகள் இரண்டு கையாலும் கிளையை நாலாபக்கமும் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

டிசம்பரில் கேசரி ஓக் பட்டையில் மூக்கைத் தேய்த்து முழுச்சட்டை உரித்தது, கண்மூடிச் செதில் வரை. மகள் அதை போனில் அம்மாவிடம் தூக்கிக் காட்டினாள். அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே பார்த்தார். வைக்கப்போகும்போதுதான் கேட்டார்:

"பூச்சிக்கு இப்ப வலி இல்லையே?"