கீஸருக்குள் வளர்ந்த பாறை

தில்லியில் 30 ஆண்டு மத்திய அரசு உத்தியோகம். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பிராவிடண்ட் ஃபண்டில் பெரும்பகுதி, துவாரகாவில் ஒரு கூட்டுறவுக் குடியிருப்பின் நான்காவது மாடிக்குப் போய்விட்டது. 2008-இல் ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்து அங்கே குடிபோவதற்கு முன் அந்தத் திருநெல்வேலிக்காரர் எல்லாவற்றையும் சோதித்தார். பத்திரம் சரியா, லிஃப்ட் ஓடுகிறதா என்று பார்த்தார். மெட்ரோ நிலையத்துக்கு எத்தனை நிமிஷம் என்று நடந்தே கணக்கிட்டார். தண்ணீர் வருகிறதா என்று மட்டும் கேட்டார். வருகிறது என்றார்கள். வந்தது, ஆழ்குழாயிலிருந்து.

முதலில் முரண்டு பிடித்தது துவரம் பருப்பு. குக்கரில் நாலு விசிலுக்குக் குழைகிற பருப்பு, எட்டு விசிலுக்கும் விரைத்துக்கொண்டு நின்றது. கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டதாக நினைத்து மனைவி கடையை மாற்றினார். அடுத்த கடைப் பருப்பும் அப்படியே. சோப்பு நுரைக்காமல் பக்கெட் விளிம்பில் பிசுக்காக ஒட்டியது. கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளரில் காய்ந்தபின் சுண்ணாம்புப் பொட்டுகள். தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்த பெண்மணிக்கு இது தண்ணீர் என்ற பெயருக்கே இழுக்கு.

தில்லிக் குளிரில் கீஸர் இல்லாமல் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காலம் தள்ள முடியாது. இரண்டாவது குளிர்காலத்தில் கீஸர் பேச ஆரம்பித்தது. சுவிட்சைப் போட்ட சிறிது நேரத்தில் உள்ளே சோளம் பொரிவது மாதிரிச் சத்தம். ஒருநாள் சத்தம் நின்றது, சூடும் நின்றது. மார்க்கெட்டிலிருந்து வந்த பீகார்க்கார மெக்கானிக் பையன் அடித்தட்டைக் கழற்றியதும் முறுக்குத் துண்டுகள் மாதிரி வெள்ளைச் சில்லுகள் அரை பக்கெட் கொட்டின. கம்பிச் சுருளைச் சுற்றி விரல் கனத்துக்குப் பாறை. "காரா பானி, அங்கிள்ஜி" என்றான். உப்புத் தண்ணீராம்.

அவன் சொன்னது பாதி சரி. நாக்குக்குத் தெரிகிற உப்பு வேறு, இந்த வேலையைச் செய்கிற கால்சியமும் மக்னீசியமும் வேறு. மழை நீர் மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு சுண்ணாம்பைக் கரைத்து வருகிறது. அப்படிக் கரைந்திருப்பது பைகார்பனேட். சூடாக்கினால் கரியமில வாயு பறந்துவிடும், சுண்ணாம்பு பழையபடி கல்லாகும். சூடு எங்கே அதிகமோ அங்கேதான் கல் முதலில் கட்டும். அதாவது கம்பிச் சுருளின் மேலேயே. கல் வெப்பத்தை எளிதில் கடத்தாது. சுருளின் சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் தன்னையே எரித்துக்கொள்கிறது. மின்சாரக் கட்டணம் ஏறுகிறது, தண்ணீர் வெதுவெதுப்போடு நிற்கிறது, கடைசியில் சுருளின் உறை வெடிக்கிறது.

ஓய்வு பெற்ற கணக்குத் துறைக்காரருக்கு இதையெல்லாம் யாரோ சொல்லிக் கேட்டுக்கொள்வது போதாது. 1 பாட்டில் தண்ணீரை ஒரு சோதனைக்கூடத்துக்கு எடுத்துப் போனார். லிட்டருக்கு 720 மில்லிகிராம் கடினத்தன்மை என்று தாள் வந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரப்படி 200 வரை இருக்கலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். பென்சிலை எடுத்தார். கீஸர் வழியாக நாளைக்கு 100 லிட்டர் என்றால் 72 கிராம். மாதத்துக்கு 2 கிலோவுக்கு மேல். அத்தனையும் படிவதில்லை, படிவது பெரும்பாலும் பைகார்பனேட் பங்குதான். ஆனாலும் மாதம் 2 கிலோ கல் வீட்டுக்குள் வந்து போகிறது என்பது அவரைத் தூங்கவிடவில்லை.

மகன் தீபாவளிக்கு வாங்கித் தந்த வாஷிங் மெஷினும் தப்பவில்லை. அது தண்ணீரைத் தானே சூடாக்குகிற ரகம். உள்ளே இன்னொரு சுருள். பவுடரில் பாதி, துணியைத் தொடுமுன் கால்சியத்தோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். வேட்டி வெளுக்கவில்லை, விறைத்தது. உப்புப் படிவால் வரும் பழுதுக்கு உத்தரவாதம் கிடையாது என்று கம்பெனிக்காரர் அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைக் காட்டினார். ஆர்.ஓ. கருவியின் சவ்வு எட்டே மாதத்தில் அடைத்தது. அது கழித்துத் தள்ளும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் மனைவி அதில் தரை துடைக்க, மொசைக் தரை கோலம் போட்ட மாதிரி வெளுத்தது. சவ்வு வடித்து ஒதுக்கிய சுண்ணாம்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தானே இருக்கும்!

பணம் போனது வரை முணுமுணுப்போடு நின்றது. 2011 ஜனவரியில் ஒரு காலை, குளியலறையிலிருந்து மனைவியின் குரல்: "ஏங்க, தண்ணியில கரண்ட் அடிக்குது!" சுருளின் உறை பிளந்து மின்சாரம் தண்ணீரில் இறங்கியிருந்தது. பிளக்கில் எர்த் கம்பியை யாரோ எப்போதோ இணைக்காமல் விட்டிருந்தார்கள். கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் அந்த வீட்டில் பொருத்தப்படவில்லை. விரல் நுனியோடு போயிற்று. அன்று மாலையே அந்தச் சாதனம் வந்தது. கீஸரின் வெப்ப அளவு 75-லிருந்து 55 டிகிரிக்கு இறங்கியது. சூடு குறைந்தால் கல்லும் மெதுவாகக் கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை, குளிர் வருமுன், கீஸரைக் கழற்றி சிட்ரிக் அமிலத்தில் சுருளை ஊறவைப்பது வீட்டுச் சடங்குகளில் ஒன்றானது. தொட்டி துருப்பிடிக்காமல் தன்னைத் தேய்த்துக்கொள்ளும் மக்னீசியக் கம்பியையும் அப்போதே பார்த்துவிடுவார்.

குடியிருப்புக்கே மென்னீராக்கும் இயந்திரம் வைத்தால் என்ன? 2012 பொதுக்குழுவில் அவர் கேட்டார். ரெசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் களைத்தால் உப்பு நீரில் கழுவினால் போதும். எதிர்ப்பும் நியாயமாகவே வந்தது. 100 மில்லிகிராம் கடினத்தன்மையை நீக்கினால் 46 மில்லிகிராம் சோடியம் சேரும். 720 என்றால் 330. ரத்தக் கொதிப்புக்காரர்கள் குடிக்கலாமா? கழுவிய உப்பு நீரை எங்கே விடுவது, அதே மண்ணிலா? தோட்டம் என்னாவது? அவருக்குப் பதில் தெரிந்தது பாதிக்குத்தான். துணைக்குழு அமைத்தார்கள். துணைக்குழு என்றால் என்னவென்று 30 ஆண்டு அரசு வேலை பார்த்தவருக்குத் தெரியாதா!

2015-இல் முனக் கால்வாய்த் தண்ணீர் துவாரகா சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்தது. இவர்கள் குடியிருப்பிலோ குழாய்த் தண்ணீரும் ஆழ்குழாய்த் தண்ணீரும் ஒரே நிலத்தடித் தொட்டியில் கலந்தன. விகிதம் காவலாளியின் கையில். அவர் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கினார். சிவப்பு நீலமாகும் வரை சொட்டுகளை எண்ண வேண்டும், அவ்வளவுதான். தினமும் காலை எண்ணி, லிஃப்ட் பக்கத்துப் பலகையில் எழுதினார். 380. 410. குழாய்த் தண்ணீர் வராத நாளில் 700. பெண்கள் பலகையைப் பார்த்துவிட்டுத் துணி போட ஆரம்பித்தார்கள். தொட்டியைத் தனித்தனியாகப் பிரிக்கலாமே என்ற பேச்சும் முதல்முறையாக எழுந்தது.

ஆறு மாதம் கழித்து நிர்வாகக் குழு ஒரு கடிதம் கொடுத்தது. ஃபிளாட் வாங்க வருகிறவர்கள் பலகையைப் படித்துவிட்டு விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள். ஆகவே பொது இடத்தில் எழுதுவதைத் தவிர்க்கவும். அவருடைய சேமிப்பும் அதே சுவர்களுக்குள்தான் இருந்தது. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாளிலிருந்து எண் அவர் வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டது. கீழ்வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணி லிஃப்டில் நாலாவது மாடிக்கு வந்து, பார்த்துவிட்டு, மணியடிக்காமல் இறங்கிப் போனார்.