உள்ள பிலிம் கழுவுதாரு

டார்க் ரூம் கதவுக்கு ஊரில் ஒரு மரியாதை இருந்தது. கடைக்கு யார் வந்தாலும் "அண்ணாச்சி உள்ள பிலிம் கழுவுதாரு" என்று சொன்னால் போதும், பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். ஹெட்மாஸ்டரானாலும் சரி, ஸ்டேஷன் ஏட்டானாலும் சரி. அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் யாரோ ஒருத்தர் வீட்டுக் காதுகுத்து பாழாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

தென்காசிப் பக்கம் ஒரு ஸ்டூடியோ. தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே எடுபிடியாகச் சேர்ந்தேன். கலர் ரோல்கள் அப்போதே லேபுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஹால் டிக்கெட், பேங்க் பாஸ்புக் போன்றவற்றுக்கான கருப்பு வெள்ளைப் படங்கள் மட்டும் எங்கள் கையாலேயே நடந்தன. யாஷிகா கேமராவில் 120 ரோல் போட்டால் பன்னிரண்டு படம். குனிந்து மேல் கண்ணாடியில் பார்க்க வேண்டும். அதில் இடம் வலமாகத் தெரியும். ஆள் இடது பக்கம் நகர வேண்டுமா வலது பக்கமா என்பதை மனசுக்குள் திருப்பிப் போட்டுத்தான் சொல்ல முடியும். அண்ணாச்சி கேமராவுக்குப் பின்னால் போவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்கும். ஆளை ஸ்டூலில் உட்கார வைத்து, எதிரே நின்று சும்மா பார்ப்பார். காலரைச் சரி செய்வார், நாடியைத் தொட்டு லேசாகத் தாழ்த்துவார். அப்புறம்தான் லைட். ஒரு ஆளுக்கு ஒரு படம். கண் மூடிவிட்டால் இன்னொன்று. அவ்வளவுதான்.

"படம் எப்பக் கிடைக்கும் அண்ணாச்சி?"

"ரோல் முடியட்டும்."

இந்தப் பதிலுக்கு யாரும் கோபப்பட்டதில்லை. பத்தாவது ஆள் வரும்வரை ஒன்பது பேர் காத்திருப்பார்கள்.

பிலிம் கழுவும்போது சிவப்பு விளக்குகூடக் கிடையாது, முழு இருட்டு. ரோலின் இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்து, டெவலப்பர் ட்ரேயில் ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். டெவலப்பர் 20 டிகிரியில் இருந்தால் நல்லது. எங்கள் ஊர் சித்திரை வெயிலில் அது நடக்கிற காரியமா? ட்ரேயைச் சுற்றி ஐஸ் கட்டி போடுவோம். நேரத்தை அண்ணாச்சி மனசுக்குள் எண்ணுவார். எண்ணிக்கை தப்பிவிடக் கூடாதே என்று நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம். அப்புறம் ஹைப்போ, ஓடுகிற தண்ணீர், கொடியில் கிளிப்.

எனக்கு உயிர் டச்சிங்தான். தோலில் கருப்பாக இருக்கிற பரு, நெகட்டிவில் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். பென்சில் முனையை உப்புத்தாளில் ஊசி மாதிரி தேய்த்து, அந்தப் புள்ளியை மட்டும் நிரப்பினால் பிரிண்டில் பரு இருக்காது. அம்மைத் தழும்பு நிறைந்த ஒரு முகத்துக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆகும். "மச்சத்தத் தொட்டுராதடே, அது அடையாளம்" என்பார் அண்ணாச்சி. எதை அழிக்கலாம், எதை விட வேண்டும் என்று அந்த முகத்தோடு அத்தனை நேரம் உட்கார்ந்ததில், கடைத்தெருவில் அந்த ஆளைப் பார்த்தால் சொந்தக்காரரைப் பார்த்தது போல் இருக்கும்.

2003-ல் நோக்கியா 1100 வந்தது. அதில் டார்ச் லைட் உண்டு. ஒரு பையன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பிரிண்ட் போடும்போது உள்ளே வர, ஸ்கிரீன் வெளிச்சம் ஒன்றே போதுமாக இருந்தது: வெளியே எடுத்து வைத்திருந்த புரோமைடு பேப்பரெல்லாம் புகை படிந்தது போல் ஆகிவிட்டது. அன்றிலிருந்து போன்கள் வெளியே கல்லாப்பெட்டி மேல். உள்ளே நாங்கள் வேலை பார்ப்போம்; அவை அங்கே தனியாக அடித்துக்கொண்டு கிடக்கும்.

கடைசியில் கேமராவே போனுக்குள் போய்விட்டது. கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் 1975-ல் செய்த முதல் டிஜிட்டல் கேமராவுக்கு ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 வினாடி தேவைப்பட்டது. அந்த வேகத்திலேயே நின்றிருந்தால் எனக்குச் சம்மதம்தான். நிற்கவில்லை, அதே கோடாக் 2012-ல் திவால் மனு கொடுத்தது. 1960-ல் ஊட்டியில் அரசு தொடங்கி, 'இந்து' பிலிம் தயாரித்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸும் இன்று இல்லை.

போன் வந்ததால் படம் எடுக்கும் திறமை செத்துவிட்டது என்று ஸ்டூடியோக்காரர்கள் புலம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. யாஷிகாவைத் தொட எனக்கே வருஷக்கணக்கில் அனுமதி கிடைக்கவில்லை. இன்று கேமரா வாங்க வழியில்லாத வீட்டுப் பையன் போனிலேயே குறும்படம் எடுக்கிறான், நன்றாகவும் எடுக்கிறான். என் பாட்டிக்கு வாழ்நாளில் ஒரே ஒரு படம், அதுவும் ரேஷன் கார்டுக்காக எடுத்தது. அந்தப் பஞ்சம் போனதில் எனக்குச் சந்தோஷமே.

ஆனால் என் அக்கா மகனிடம், வளைகாப்பில் எடுத்த படங்களில் பிரிண்ட் போட ஒன்று சொல்லுடா என்றால், "அப்புறம் பாக்கலாம் மாமா" என்கிறான். நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. அமுக்குவதற்கு முன் தேர்ந்தெடுத்தால் அது வேலை. அமுக்கிய பிறகு என்றால் அது தண்டனை. அவனைக் குறை சொல்ல முடியாது.

இப்போது எனக்குக் கம்ப்யூட்டரில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிற பிழைப்பு. பழைய பென்சில் வேலையை மவுசால் செய்கிறேன். ஒரு முகத்தைப் பெரிதாக்கி, கன்னத்தில் கையை வைக்கும்போது போன் அடிக்கும். மாப்பிள்ளை வீடு, "டிசைன் என்னாச்சு?" பேசி வைத்துவிட்டுத் திரும்பினால் எந்தக் கன்னத்தில் இருந்தேன் என்று தேட வேண்டியிருக்கிறது. ஒரு நாள் போனை அணைத்து மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டேன். இரண்டு மணி நேரம் கை தானாக ஓடியது, பழைய மத்தியானங்கள் போல. மறுபடி போட்டதும் வரிசையாக மிஸ்டு கால். அம்மாவுக்கு அடித்தால், அழுகிற குரலில் எடுக்கிறாள்: "போன அணச்சு வச்சிருந்தா நான் என்னன்னு நெனைக்க? பக்கத்து வீட்டுத் தம்பிய பைக்க எடுத்துட்டு உங்கடைக்கு அனுப்பிட்டேன்."

வேலையாக இருந்தேன் என்றேன்.

"வேலன்னா? போன எடுக்க முடியாத அளவுக்கு அப்படி என்னல வேல?"